துடக்கு வீட்டில் கோப்பி வறுப்பதில்லை

என் நாட்குறிப்பில் ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது: "அண்ணன் வீடு. பின்னேரம். கோப்பி வறுத்த வாசம் படலை வரைக்கும் வந்தது. எல்லாரும் சுகம்."

கடைசிச் செய்தி பிழை. மற்றவை சரி.

திகதியையும் ஆண்டையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். திகதி இல்லாமல் ஒன்றை எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். மழை பெய்த நாள், பாலத்தைத் தண்ணீர் மூடிய நாள், பஸ் வராத நாள் எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதி வைக்கிறவன் நான். ஆனால் அண்ணன் உயிரோடு இருக்கிறார், ஊரும் சிறியது. திகதியைச் சொன்னால் திருவிழா தெரிந்துவிடும், திருவிழா தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். ஏன் தெரியக்கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் மன்னார்த் தீவில், பட்டினத்துக்குள் இருக்கிறேன். அண்ணன் பெருநிலப்பக்கம், வெள்ளாங்குளத்துக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு கிராமத்தில் வயல் செய்கிறார். அவருடைய மகளுக்கு இரண்டு முறை பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது தங்கிப் பிறந்தால் அம்மன் கோயில் தீக்குழியில் இறங்குவதாக அண்ணன் நேர்த்தி வைத்தார். மாசி மாதம் பெண்பிள்ளை பிறந்தது. வைகாசிப் பொங்கலன்று அண்ணன் இறங்கினார்.

அதை நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். புளியங்கட்டைகளை எரித்துத் தணலாக்கி, மேலே படிந்த சாம்பலைத் தட்டிவிட்டிருந்தார்கள். சோழகக் காற்று வீசும்போதெல்லாம் குழி சிவந்து சிவந்து அடங்கியது. இளைஞர்கள் ஒரே ஓட்டமாகப் பாய்ந்து கடந்தார்கள். அண்ணன் ஓடவில்லை. வயல் வரம்பில் நடப்பதுபோல, கால் வைத்து, கால் எடுத்து நடந்தார். சனம் கைகூப்பி அழுதது. பால்குழியில் கால் வைத்து வெளியே வந்தவரைப் பிடித்துக்கொண்டு, சுட்டதா என்று கேட்டேன்.

"பூவில நடந்த மாதிரி இருந்தது, தம்பி. ஒண்டும் தெரியேல்லை."

அன்று இரவு ஊர் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மச்சாள், அதாவது அண்ணனின் மனைவி, வாயைத் திறந்து பெருமை பேசுகிறவர் இல்லை. அன்று அவருடைய முகத்தைப் பார்க்கவே வேறுமாதிரி இருந்தது.

அண்ணனுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். வருத்தம் என்று சொன்ன அன்றைக்கே தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டார். பதிலாகப் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பார். "பனை தந்தது சீனி ஆகுமோ" என்பார். கிளினிக்குக்குப் போவதற்கு முந்திய இரண்டு நாளும் சோற்றைத் தொடமாட்டார். இரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு நன்றாக இருக்கும், தாதி மிஸியும் கெட்டிக்காரர் என்று சொல்லி அனுப்புவார். இப்படிச் செய்கிறவர் எங்கள் பக்கத்தில் அண்ணன் மட்டும் இல்லை.

அந்த வருத்தத்தில் கால் மரத்துப்போகும் என்பதும், மரத்த காலுக்குத் தணலும் பூவும் ஒன்றுதான் என்பதும் எனக்கு அன்று தோன்றவில்லை. அவருடைய வலது பாதத்தின் அடிப்பக்கம் அன்றைக்கே வெந்துவிட்டது. நான் நாட்குறிப்பில் எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை அது கொப்பளித்து உடைந்து, கறுக்கத் தொடங்கியிருக்கவேண்டும்.

அன்று நான் போனபோது மச்சாள் குசினியில் இரும்புத் தாச்சியை அடுப்பில் ஏற்றிக் கோப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் குசினி வாசலை ஒட்டிக் கதிரை போட்டு, சாரத்தை நிலம் முட்ட விட்டுக்கொண்டு இருந்தார். புகை அவர் மேலேதான் போனது.

"வாங்கோ தம்பி," என்றார் மச்சாள். "உங்கட அண்ணருக்குப் புதுப் பழக்கம் ஒண்டு வந்திருக்கு. தேத்தண்ணி வேண்டாமாம், கோப்பிதானாம். அதுவும் கடைத்தூள் சரிவராதாம். வீட்டில வறுக்க வேணுமாம்."

"நல்லதுதானே," என்றேன்.

"என்ன நல்லது? நேற்றும் வறுத்தனான், முந்தநாளும் வறுத்தனான். ஒரு பிடி, ஒரு பிடியா வறுக்கச் சொல்லுறார். எல்லாத்தையும் ஒரேயடியா வறுத்துப் போத்தலில போட்டால் என்னவாம்?"

"வாசம் போயிடும்," என்றார் அண்ணன்.

"வாசத்தையோ குடிக்கப் போறியள்?"

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த மாதங்களில் நான் வறுவலைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோப்பிக்கொட்டைக்குப் புல்லின் மணந்தான் உண்டு. அவித்தாலும் பெரிதாக ஒன்றும் வராது. உலர்ந்த சூட்டில் வைத்தால் மட்டும் ஊரைக் கூட்டும் வாசம் எங்கிருந்து வருகிறது என்பது என் கேள்வியாக இருந்தது. வாசித்தபோது விளங்கியது இவ்வளவுதான். கொட்டைக்குள் சர்க்கரையும் இருக்கிறது, புரதத்தின் சிறு துண்டுகளான அமினோ அமிலங்களும் இருக்கின்றன. சூடு ஏறும்போது சர்க்கரையின் ஒரு முனை அமினோ அமிலத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தது பிறகு பழைய பொருளாக இருப்பதில்லை. உருமாறி, உடைந்து, உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நூற்றுக்கணக்கான புதுப் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றில் சில மண்ணிறம் தருகின்றன, சில வாசம் தருகின்றன. பாணின் மேற்தோல், பொரித்த மீன், வறுத்த மிளகாய்த்தூள் எல்லாவற்றிலும் இதே வேலைதான். தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலைக்கு மேலே போகாது. அதனால்தான் அவித்த சோறு வெள்ளையாகவே இருக்கிறது, அடிப்பிடித்த சோறு மட்டும் சிவந்து மணக்கிறது.

மச்சாளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தாச்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொட்டை மஞ்சளாகி, சிவந்து, படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் கொத்தமல்லியைத் தூவிக் கிளறினார்.

"உவன் கோப்பி குடிக்க வந்தவனோ, வகுப்பெடுக்க வந்தவனோ?" என்றார் அண்ணன்.

"ரெண்டுக்கும்தான்," என்றேன்.

அவர் சாரத்தைக் கீழே இழுத்துவிட்டார். பிறகு, "அப்ப சீனி இருக்கிற இடமெல்லாம் இந்த வேலை நடக்குமோ?" என்று கேட்டார்.

"சூடு வேணும், அண்ணை."

"எவ்வளவு?"

"தண்ணி கொதிக்கிறதைவிடக் கூட."

"தணல் காணுமோ?"

"தணல் தாராளம்."

எனக்குக் கொடுத்த கோப்பியை நான் குடித்து முடித்தேன். அண்ணனுடைய கோப்பி ஆறிப்போய் ஆடை படர்ந்து கிடந்தது. அதையும் நான் பார்த்தேன், எழுதவில்லை.

அடுத்து வந்த கிழமை வெள்ளாங்குளத்தில் எங்களுக்குச் சித்தப்பா முறையான ஒருவர் இறந்தார். நாங்கள் பங்காளிகள். அவருடைய சாவு எங்கள் எல்லோருடைய வீட்டுக்கும் துடக்கு, அதாவது தீட்டு. துடக்கு வீட்டில் எங்கள் பக்கத்துச் சனம் செய்யாத காரியங்கள் பல. கோயிலுக்குப் போகமாட்டார்கள், விளக்கேற்றமாட்டார்கள். அடுப்பில் சோறும் மரக்கறியும் அவியும். ஆனால் தாச்சி ஏறாது. பொரியல் இல்லை, தாளிதம் இல்லை, தூள் வறுப்பதில்லை, கோப்பி வறுப்பதில்லை. செத்தவரைத் தூக்கிக்கொண்டு போன கையோடு வாசம் எழுப்பிச் சாப்பிடுவது மரியாதையில்லை என்பார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டு முடிந்து, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் பொரித்துப் படைத்த பிறகுதான் மற்ற வீடுகளில் தாச்சி ஏறும்.

செத்த வீட்டுக்கு மச்சாள் தனியே வந்திருந்தார். பங்காளி வீட்டுச் சாவுக்கு அண்ணன் வராமல் இருந்ததை நான் அதுவரை கண்டதில்லை.

"அவருக்குக் காய்ச்சல், தம்பி," என்றார் மச்சாள். "காய்ச்சலோட கோவம் வேற. காலமை கோப்பி வறுக்கேல்லையாம்."

பக்கத்தில் இருந்த ஒரு பெண், "துடக்குக்குள்ளயோ?" என்று கேட்டார்.

"அதைத்தான் நானும் கேட்டனான். பிள்ளைத்தாச்சி மாதிரி ஆசைப்பட்டு நிக்கிறார்."

பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. மச்சாள் சொன்னபடி எழுதுகிறேன். இரண்டு தடவை, இடைவெளி விட்டு, கேட்டேன். சொன்னது மாறவில்லை.

செத்த வீட்டால் திரும்பிய அன்றும் மறுநாளும் அண்ணன் விடாமல் கேட்டிருக்கிறார்.

"இஞ்சாருமப்பா, ஒரு பிடி வறும்."

"துடக்கு வீட்டில தாச்சி ஏத்துறதோ? உங்களுக்கென்ன விசரோ?"

"கதவைச் சாத்திப்போட்டு வறும்."

"கதவைச் சாத்தினால் வாசம் உள்ளுக்குள்ள நிக்குமோ? அயலட்டையெல்லாம் என்ர மூஞ்சையில காறித் துப்பும்."

அதற்கு அடுத்த நாள் மச்சாளுக்கு வீட்டுக்குள் ஒரு நாற்றம் தெரிந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தார். அலுமாரியை இழுத்துப் பார்த்தார், நெல்லுச் சாக்குகளைப் புரட்டிப் பார்த்தார், கூரைக்குள் தடியால் குத்திப் பார்த்தார். அறைக்குள் தேடும்போது நாற்றம் அறைக்குள் இருந்தது. சற்றுக் கழித்து விறாந்தையில் இருந்தது. பிறகுதான், அது அண்ணன் இருக்கும் இடத்தில் இருக்கிறது என்று கண்டார்.

"சாரத்தைத் தூக்கினன், தம்பி. பொலித்தீன் பையைக் காலில கட்டியிருக்கிறார். உள்ளுக்கை மஞ்சளும் வேப்பெண்ணையும் அப்பிக் கிடக்கு. பைக்குள்ள இலையான் மொய்க்குது. என்னெண்டு கேட்டன். முள்ளு குத்தினதாம்."

மச்சாள் இதைச் சொன்னபோது அழவில்லை. கையை மட்டும் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துச் சொன்னார்.

அண்ணன் ஏன் மறைத்தார் என்பது எங்கள் ஊரவர் எவருக்கும் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். தணல் சுட்டால் விரதத்தில் பிழை. விரதத்தில் பிழை என்றால் அம்மன் நேர்த்தியை ஏற்கவில்லை. ஏற்காத நேர்த்திக்குக் கொடுத்த பிள்ளையை அவள் திருப்பி எடுத்துக்கொள்வாள். அண்ணன் பயந்தது காலுக்கு அல்ல. மகளின் மடியில் கிடந்த மூன்று மாதப் பிள்ளைக்குப் பயந்தார். காலை ஒருவருக்கும் காட்டாவிட்டால் சுடவில்லை என்றே இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் கட்டிலருகே நின்றார். எங்கள் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும்.

"ஐயா, எப்ப சுட்டது?"

"முள்ளு குத்தினது."

"முள்ளு இப்பிடிக் குத்தாது ஐயா. உள்ளங்கால் முழுக்க வெந்திருக்கு."

"கருவேல முள்ளு," என்றார் அண்ணன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து தீமிதிப்பைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். அவருக்கு அது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. மூன்று மாதச் சீனி பார்க்கும் இரத்தப் பரிசோதனையின் முடிவு அவருடைய கையில் இருந்தது.

"கிளினிக்கில ஒவ்வொரு முறையும் நல்லாத்தானே இருந்தது," என்றேன்.

"பட்டினி கிடந்தால் அண்டைக்குக் காலமை எடுக்கிற சீனி இறங்கும். இது இறங்காது. சீனி இரத்தத்தில இருக்கிற புரதத்தில ஒட்டிப் பிடிச்சிடும். அந்த இரத்தச் சிவப்பணு சாகும்வரைக்கும், மூண்டு நாலு மாசம், ஒட்டினது ஒட்டினதுதான்."

"புரதத்தில எப்பிடி ஒட்டும்?"

டொக்டர் நான் கேட்டதற்காகச் சொன்னார். சர்க்கரையின் ஒரு முனை புரதத்தில் உள்ள அமினோ முனையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தது உருமாறும். அதற்குப் பிறகு எளிதில் விடாது.

நான் வாசித்து வைத்திருந்த அதே முதற்படி. தாச்சியில் சில நிமிடங்களில் நடப்பது உடம்பில் மாதங்களிலும் ஆண்டுகளிலும் நடக்கிறது. தணல் தேவையில்லை, உடம்புச் சூடு காணும். சூடு வேண்டும் என்று நான் அண்ணனுக்குச் சொன்ன பதில் பாதிதான் சரி. வீட்டுக்குப் போய் மீண்டும் வாசித்தேன். சமையலில் இந்தச் சேர்க்கையை முதலில் விவரித்த பிரெஞ்சுக்காரரே, நூறு வருடத்துக்கு முன்னர், இது உடம்புக்குள்ளும் நடக்கக்கூடும் என்று சொல்லியிருக்கிறாராம். நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். கண்வில்லை மங்குவதிலும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் தடிப்பதிலும், நரம்பு மரப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. இது மட்டுமே காரணம் இல்லை என்று டொக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதவேண்டும். ஒரு வேறுபாடு மட்டும் என் மனதில் நின்றது. தாச்சியில் நடந்தால் வாசம் வந்து ஊருக்குச் சொல்லிவிடும். உடம்பில் நடக்கும்போது ஒரு மணமும் இல்லை.

காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்றார்கள். அண்ணன் தானே கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, "பிள்ளைக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். டொக்டருக்கு எந்தப் பிள்ளை என்று விளங்கவில்லை. "ஒண்டும் இல்லை ஐயா," என்று பொதுவாகச் சொன்னார். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது.

அவர் வீடு திரும்பியபோது ஆடி பிறந்திருந்தது. சிறுபோக வயலை வேறொருவரிடம் பாரம் கொடுத்தாயிற்று. பனங்கட்டி வைக்கும் ஓலைக் குட்டானை மச்சாள் அவருக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தார். தாச்சி கவிழ்த்தபடி வெளியே, கிணற்றடியில் கிடந்தது. துடக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் இன்றைக்கும் கோப்பி வறுப்பதில்லை.

"அந்த வாசம் எங்கயாவது வந்தால் எனக்கு வயித்தைப் பிரட்டுது, தம்பி," என்றார் மச்சாள். "கோப்பி வாசம் வந்தால் அதுக்குப் பின்னால மற்றதும் வருமெண்டு மூக்கு நினைக்குது."

மச்சாள் தண்ணீர் அள்ளப் போன நேரம் பார்த்து அண்ணனிடம் கேட்டேன்.

"கோப்பி குடிச்சனீங்களோ, அண்ணை?"

"எங்க குடிச்சது? எனக்கு அது கைப்பு."

"பிறகேன் வறுக்கச் சொன்னனீங்கள்?"

"வாசத்துக்குத்தான்." பிறகு, "உன்ர மச்சாளுக்கு மூக்கு நாய் மூக்கு. உனக்குத் தெரியாது," என்றார். அதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பும் வந்து போனது.

சற்று நேரம் கழித்து, "நீ எல்லாத்தையும் எழுதுறனீதானே," என்றார். "இதை எழுதுறதெண்டால் முள்ளு எண்டு எழுது."

"ஆஸ்பத்திரித் துண்டில தணல் எண்டெல்லே இருக்கு."

"துண்டை ஆர் பாக்கிறது? அது கிழிஞ்சு போயிடும். உன்ர எழுத்து கிடக்கும். பேத்தி வளந்து வாசிச்சால், தன்னாலதான் எனக்குக் கால் போனதெண்டு நினைப்பாள். இல்லாட்டி, தான் அம்மாள் ஏற்காத பிள்ளை எண்டு நினைப்பாள். எதை நினைச்சாலும் கூடாது."

முள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தணல் என்று பெயரோடு எழுதவும் கை வரவில்லை. ஆகவே பெயரில்லாமல், திகதியில்லாமல் எழுதுகிறேன். இதை வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் யாரோ. ஊருக்கு அது இன்னும் கருவேல முள்தான். பிள்ளை நன்றாக இருக்கிறாள். தத்தித் தத்தி நடக்கிறாள். அண்ணனின் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. சென்ற மாதம் மச்சாள் பேச்சுவாக்கில் சொன்னார். ஒருநாள் அண்ணன் வயலால் வந்தபோது ஒரு காலில் செருப்பு இருந்ததாம், மற்றக் காலில் இல்லையாம். "மற்றதை எங்க விட்டனீங்கள்?" என்று கேட்டதற்குக் குனிந்து பார்த்துவிட்டுத்தான், இல்லை என்று கண்டாராம். கழன்றதே தெரியவில்லையாம். மச்சாள் சிரித்தாராம். அண்ணன் சிரிக்கவில்லையாம். வந்த வழியே திரும்பிப் போய், வாய்க்கால் கரையில் கிடந்த செருப்பை எடுத்து வந்து, வாசலில் இருந்துகொண்டு நகத்தால் உள்ளங்காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாராம்.

"அது எப்ப, மச்சாள்?"

"மழைக் காலம்."

"நேர்த்தி வைக்க முதலோ, பிறகோ?"

அவர் யோசித்தார். நேர்த்தி வைத்ததும் மழைக் காலம்தான். மகள் வயிற்றில் ஐந்து மாதமோ ஆறு மாதமோ. எது முந்தியது என்று அவருக்கு நினைவில்லை. என் நாட்குறிப்புகளில் அந்த மாதங்கள் முழுவதையும் புரட்டிப் பார்த்தேன். அண்ணன் வீட்டுக்குப் போன நாட்களில் மழையும் பஸ்ஸும் குளத்து நீர்மட்டமும் எழுதியிருக்கிறேன். செருப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. முதல் என்றால், தன் கால் செத்துவிட்டது என்று தெரிந்துகொண்டுதான் அண்ணன் தணலில் இறங்குவதாக அம்மனுக்குச் சொல்லியிருக்கிறார். பிறகு என்றால், சொன்ன சொல்லுக்காக இறங்கியிருக்கிறார்.

அண்ணனிடம் கேட்கவில்லை. செருப்பு கழன்றது நேர்த்திக்கு முன்னரா பின்னரா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.